கண்ணுக்கு எட்டாத ஒளி



ரயில்வே குமாஸ்தாவுக்கு விஞ்ஞானம் எதற்கு என நீங்கள் எண்ணக்கூடும். நம் வீட்டு அலமாரியில் உறங்கும் பழைய டிஜிட்டல் காமிராவைப் பற்றிய செய்தி என்பதால் துணிந்தேன்.

சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளியை 1800இல் ஹெர்ஷலும், ஊதாவுக்கு அப்பாலுள்ளதை 1801இல் ரிட்டரும் கண்டறிந்தனர். நம் கண் காணாத இவ்விரண்டையும் காமிராவின் சிலிக்கன் தகடு ஓரளவு உணரும். நிறம் கெடாதிருக்கவே, தகட்டின்முன் வடிகட்டும் கண்ணாடி வைத்து அவற்றைத் தடுக்கின்றனர். அதை நீக்கி, 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும் கண்ணாடியைப் பொருத்தினால் அகச்சிவப்புக் காமிரா ஆயிற்று! பசுந்தழை பனி மூடினாற்போல் வெண்மையாய்த் தோன்றும். புறஊதாவுக்கோ குவார்ட்ஸ் லென்சும் வேண்டும்; சாதாரண லென்ஸ் அவ்வொளியைப் பெரிதும் விழுங்கிவிடும்.

இது வெறும் வேடிக்கையன்று. நலமுள்ள இலை அகச்சிவப்பை மிகுதியாய்த் திருப்பும். நோயுற்றது குறைவாய்த் திருப்பும். இதைக்கொண்டே 1970இல் பிஷாரோட்டி அவர்கள், ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் பிலிமில் கேரளத் தென்னைகளைப் படமெடுத்து, வாடல் நோயுற்ற மரங்களைப் பிரித்தறிய வழிகாட்டினார். அக்கலை வளர்ந்து, இன்று நம் ஐதராபாத் பாலாநகரிலேயே தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களால் பயிர்நிலங்களை ஆராய்கிறது.

இளைஞர்களே, காமிராவை நீங்களே திறவாதீர்கள். அணைத்த பின்பும் பிளாஷ் விளக்கின் கெபாசிட்டரில் கடும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

தோப்பையும் வயலையும் ஊரில் விட்டு வந்தவர்கள் நாம். பயிரின் துன்பத்தைக் காட்டும் இக்கலையை நம் பிள்ளைகள் கற்று, அம்மண்ணுக்குப் பயன்படவேண்டும் என வேண்டுகிறேன்.