சொல்லின்றி விமர்சித்தவர்



ஹான்ஸ் கெல்லர் 1919இல் வியன்னா நகரிற் பிறந்த யூதர். 1938இல் நாஜிகளிடமிருந்து உயிர் தப்பி இலண்டன் சேர்ந்தார். அடைக்கலம் கொடுத்த நாடே 1940இல் அவரை எதிரி நாட்டவரெனக் கூறி, குற்றச்சாட்டு எதுவுமின்றித் தடுப்பு முகாமில் அடைத்தது. சட்டம் பயின்ற நாம் இதனை எளிதிற் கடந்து போதல் இயலாது.

விடுதலையான பின் வயலின் வாசித்தார், விமர்சனம் எழுதினார். இசையைச் சொல்லால் விளக்குவதில் அவருக்கு மெல்ல நம்பிக்கை குன்றியது. 1957இல் மோசார்ட்டின் படைப்பொன்றுக்குரிய விளக்கத்தை இசையாகவே அமைத்தார். மூலப் பகுதிகளுக்கிடையே அவற்றின் உள்ளுறவைக் காட்டும் இசையை வாசிக்கச் செய்து, ஒரு சொல்லுமின்றி பி.பி.சி. வானொலியில் ஒலிபரப்பினர். விமர்சகர் வாய்மூடுவது அபூர்வம் அல்லவா!

1959இல் அந்நிலையத்தின் ஊழியரானார். பத்தாண்டின் பின், உயர்ந்த இசைக்கும் சிந்தனைக்கும் இடமளித்த 'மூன்றாம் நிகழ்ச்சி'யை ஒழிக்க மேலிடம் திட்டமிட்டது. ஊதியம் தருவோரையே கெல்லர் பகிரங்கமாக எதிர்த்தார். திட்டம் நிறைவேறிற்று, அவரோ 1979 வரை அங்கேயே பணியாற்றினார்.