கைபேசிவழி இயன்முறை வைத்தியம்

(கச்சிராயபாளையத்தில் சங்க அங்கத்தினர் முன் நிகழ்த்திய பிரசங்கம்)



கோமுகிப் பாய்ச்சலில் கரும்பு விளைகிறது. அதனைக் குனிந்து வெட்டிக் கட்டுத் தூக்குவோர் இடுப்பில் வலி விளைகிறது. இவ்வலிக்குக் கைபேசிச் செயலிகள் வந்துவிட்டமையால் இனி வைத்தியரே வேண்டுவதில்லையென நம்மவரிற் சிலர் எண்ணுகின்றனர். ஆதலின் இவ்விஷயத்தை யாம் எடுத்துக்கொண்டோம்.

செயலி செய்வது யாதெனின், பயிற்சியைப் படமாகக் காட்டும். எத்தனை முறையென எண்ணும். மறந்த நாளில் நினைவூட்டும். சிலவற்றில் முழங்கால் எவ்வளவு மடங்கிற்றெனக் காமிராவே கணித்துத் திருத்தும். ஜெர்மனி தேசத்தில் 2019-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி வைத்தியர் இத்தகைய செயலியை மருந்துபோல் எழுதிக் கொடுக்கலாம். உலகச் சுகாதார ஸ்தாபனமும் 2023 டிசம்பரில், நாட்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சியைச் சிபாரிசு செய்தது. இடுப்புப் பட்டையை வேண்டாமென்றது. (பட்டை வாங்கி வைத்துள்ள பெரியோர் எம்மைக் கோபிக்கலாகாது!)

நிற்க. தொட்டுப் பார்க்கும் கை செயலிக்கு இல்லை. தசைப்பிடிப்போ, நரம்பு நசுங்கலோ, எலும்பு முறிவோ என்பதை அழுத்தியும் காலைத் தூக்கியும் பார்த்தே அறிதல் வேண்டும். இடுப்புவலியோடு கால் மரத்து வலுவிழத்தல், சிறுநீர் கட்டுதல் அல்லது அறியாமற் கழிதல், காய்ச்சல் ஆகியவை காணினும், கீழே விழுந்தபின் வலி கடுமையாயினும், செயலியைத் திறவாது அன்றே கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுக. நரம்புக் கற்றை நசுங்கித் தாமதமாயின், இழந்த வலு மீளாமலே போகலாம்.

2021 ஆகஸ்டு 5-ஆந் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டத்தில், இயன்முறை மருத்துவர் இல்லத்திற்கே வந்து பயிற்சி அளிப்பதும் உண்டு. அவர் கற்பித்ததை அடுத்த வருகை வரையில் வழுவாது செய்விப்பதே செயலிக்குரிய வேலையென்பது எம் கொள்கை. கல்வராயன் மலைமேல் கைபேசி எடுபடாத இடங்களில் இருப்போர், படங்களைக் கீழே வரும்போதே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இனி, நம் இளைஞர்க்கு ஒரு விண்ணப்பம். வலி தாய்மாரிடத்தில், கைபேசியோ பெரும்பாலும் மைந்தரிடத்தில். மைந்தர் வேலைக்குப் போகையில் வைத்தியமும் சட்டைப்பையில் ஏறிப் போய்விடுகிறதன்றோ? மாலைதோறும் சற்று நேரம் தாயார் முன் கைபேசியைப் பிடித்து நில்லுங்கள். எழுத்து இங்கிலீஷாயின் தமிழிற் சொல்லுங்கள். பயிற்சியிடையே வலி காலுக்கு இறங்குமாயின், செயலி இன்னும் பத்து முறை செய்யச் சொல்லினும் நிறுத்திவிட்டு, இயன்முறை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.