பந்தியிலிருந்து எழுந்த அப்போஸ்தலர்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"அப்போஸ்தலர் என்றால் யார்?" என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு தோழர், "இயக்க மேடையில் ஞாயிறு பள்ளி நடத்தப் போகிறாயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் திருச்சபைக்குள் வளர்ந்தவர்கள் உண்டு, அதை விட்டு வெளியே வந்தவர்கள் உண்டு, அந்தப் பக்கம் எட்டியே பார்க்காத பெரியார் தொண்டர்களும் உண்டு. யாருடைய நம்பிக்கையையும் வளர்க்கவோ குலைக்கவோ நான் வரவில்லை. இந்தச் சொல்லுக்குள் நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு சிக்கல் இருக்கிறது: இன்னொருவர் சார்பாகப் பேசும் உரிமையை ஒருவர் எங்கிருந்து பெறுகிறார், அதை யார் உறுதி செய்கிறார்கள்? அதற்காகத்தான் இந்தத் தலைப்பு.

முதலில் சொல். கிரேக்கத்தில் 'அப்போஸ்தொலோஸ்' என்றால் அனுப்பப்பட்டவர். அவ்வளவுதான். பழைய கிரேக்கத்தில் கப்பற்படையை அனுப்புவதற்குக்கூட இந்தச் சொல் புழங்கியிருக்கிறது. அதில் புனிதம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. தமிழில் சீர்திருத்தச் சபையார் 'அப்போஸ்தலர்' என்றும், கத்தோலிக்கர் 'திருத்தூதர்' என்றும் சொல்கிறார்கள். அந்தத் 'திரு' நாம் சேர்த்தது.

பிலிப்பி என்ற ஊரின் சபை, சிறையில் கிடந்த பவுலுக்கு உதவிப் பொருள்களைக் கொடுத்து எப்பாப்பிரோதீத்து என்பவரை அனுப்பியது. நன்றி சொல்லி எழுதும்போது பவுல் அவரை "உங்கள் அப்போஸ்தொலோஸ்" என்கிறார். அதே கிரேக்கச் சொல்தான். ஆனால் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் பாருங்கள், அங்கே மட்டும் 'ஸ்தானாபதி' என்று இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவும் இந்த இடத்தில் வெறும் தூதுவர் என்றே போடுகின்றன. பவுலுக்கு என்றால் அப்போஸ்தலர், மூட்டை சுமந்து வந்தவருக்கு என்றால் வேறு சொல். யார் பெரியவர், யார் சிறியவர் என்று மூலத்தில் இல்லாத வரிசை ஒன்றை மொழிபெயர்ப்பு உண்டாக்கிவிடுகிறது.

பன்னிரண்டு பேர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இஸ்ரயேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் கணக்கு அது. 'ஏழை மீனவர்கள்' என்று மேடைகளில் உருகுவோம். கொஞ்சம் பொறுங்கள். மாற்கு நற்செய்தியிலேயே யாக்கோபு, யோவானின் தந்தை செபதேயுவுக்குப் படகும் கூலியாட்களும் இருந்ததாக வருகிறது. எனவே ஒட்டாண்டிகள் அல்லர். ஆனால் படிப்பு விஷயம் வேறு. அப்போஸ்தலர் பணிகள் நான்காம் அதிகாரத்தில் எருசலேமின் ஆளும் சங்கம் பேதுருவையும் யோவானையும் விசாரிக்கிறது. எழுத்தறிவில்லாத சாமானியர்கள் இப்படித் துணிந்து பேசுகிறார்களே என்பதுதான் அந்தச் சங்கத்தின் திகைப்பு. 'உனக்கு இதைப் பற்றிப் பேச என்ன தகுதி?' என்ற கேள்வியை ஏதாவது ஒரு கருத்தரங்க அறையில் கேட்டிருப்பவர்களுக்கு அந்தத் திகைப்பு புதிதாக இருக்காது.

யூதாஸ் போன பிறகு பன்னிரண்டாவது இடத்தை நிரப்பத் தகுதி வரையறுத்தார்கள். யோவானின் திருமுழுக்கு முதல் இயேசு மேலேறிய நாள்வரை கூடவே இருந்த ஆணாக இருக்க வேண்டும். சீட்டு விழுந்தது மத்தியாவுக்கு. அதன் பிறகு புதிய ஏற்பாட்டில் அவர் பெயரே இல்லை. இந்தத் தகுதி எதுவுமே இல்லாத பவுலின் கடிதங்கள்தான் நூல் முழுக்க நிறைந்திருக்கின்றன. இயேசுவோடு அவர் நடந்ததில்லை. முதலில் சபையைத் துன்புறுத்தியவர். 'சிபாரிசுக் கடிதம் எங்கே?' என்று கேட்கப்பட்டவர். கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்து பிழைத்தார், அந்தச் சபையிடம் பணம் வாங்க மறுத்தார். கைத்தொழிலைக் கேவலமாகப் பார்த்த மேட்டுக்குடி மனிதர்களுக்கு அதுவும் ஒரு குறையாகத் தெரிந்தது.

இப்போது நான் பேச வந்த இடத்துக்கு வருகிறேன். அந்தியோக்கியா. இன்றைய துருக்கியின் அந்தாக்கியா. அங்கே யூதர்களும் யூதர் அல்லாதவர்களும் சேர்ந்த ஒரு சபை உருவாகியிருந்தது. பேதுரு அங்கே போகிறார், எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பிறகு எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வருகிறார்கள். பேதுரு மெல்ல நழுவுகிறார். தனியாகச் சாப்பிடத் தொடங்குகிறார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் எழுந்துவிடுகிறார்கள். பவுலின் நெடுநாள் கூட்டாளி பர்னபாகூட எழுந்துவிட்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கேட்கிறார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இது இருக்கிறது.

பேதுருவுக்குக் கொள்கை தெரியாமல் இல்லை. முந்தாநாள் வரை உட்கார்ந்து சாப்பிட்டவர்தானே. அவருக்கு வந்தது பயம் என்கிறார் பவுல். விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பன், ஊரிலிருந்து பெரியப்பா வந்த நாளில் நம்மை வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்பியதை இங்கே யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பவுல் அதைக் கருத்து வேறுபாடு என்று மரியாதையாக நகர்த்தவில்லை. வேஷம் என்றே சொல்கிறார்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டவுடன் யூதர்களைப் பார்ப்பனர்களாக்கிவிடும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. தவறான ஒப்பீடு. ரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த ஒரு சிறுபான்மை மக்கள் தங்கள் அடையாளத்தைக் காக்க வைத்திருந்த உணவு விதிகள் அவை. பிறப்பால் மனிதரை அடுக்கும் சாதி அல்ல. அந்தியோக்கியாவில் சண்டை போட்ட மூவருமே யூதர்கள்தான். ஐரோப்பியத் திருச்சபை இந்தக் கதையை யூத வெறுப்புக்குப் பயன்படுத்திய வரலாறு நீண்டது, அதை நாம் கடன் வாங்க வேண்டாம். நாம் பார்க்க வேண்டியது விதியின் மூலத்தை அல்ல, பந்தி கலைந்தபோது எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை.

பேதுரு என்ன பதில் சொன்னார்? கடிதத்தில் இல்லை. வென்றிருந்தால் பவுல் சொல்லியிருப்பார், எனவே அன்று அவர் தோற்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பிற்காலத் திருச்சபைக்கு இந்தக் காட்சி பெரிய சங்கடம். இரண்டு அப்போஸ்தலர்கள் பந்தி விவகாரத்தில் பகிரங்கமாக மோதிக்கொள்வதா? நான்காம் நூற்றாண்டில் ஜெரோம், இருவரும் பேசி வைத்துக்கொண்டு நடத்திய நாடகம் அது என்று விளக்கம் எழுதினார். அகுஸ்தீன் அதை ஏற்காமல் அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். தலைவர்களைக் காப்பாற்ற வரலாற்றையே நாடகமாக்கும் வேலை பழையது.

இந்தப் பந்தி நம் மண்ணிலும் போடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். நற்கருணைக் கிண்ணம் முதலில் வெள்ளாளரிடம் போனது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வெள்ளாளர் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு படி மேலே போனது: சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, பறையரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றது. லெய்ப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் உடன்படவில்லை. வெளியேறியவர்கள் பலர் எந்தச் சபையில் போய்ச் சேர்ந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதே லுத்தரன் சபையில். வடக்கன்குளத்தில் ஒரே பீடம், அதற்கு எதிரே சாதிக்கு ஒன்றாக இரண்டு கூடங்கள் என்று ஒரு கத்தோலிக்கக் கோயிலே கட்டினார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே சுவர்.

சுவரொட்டிகளில் நாம் அடிக்கடி போடுவது கலாத்தியர் மூன்றாம் அதிகாரம்: யூதர், கிரேக்கர் என்றில்லை, அடிமை, சுதந்திரர் என்றில்லை என்ற பகுதி. அழகான முழக்கம்தான். ஆனால் அதற்கு ஒரு பக்கம் முன்னால் கலைந்த பந்தியை விட்டுவிட்டு அதை மட்டும் வாசிப்பது, சமபந்திக்குப் போகாமல் சமத்துவம் பற்றிக் கவிதை எழுதுவது போலத்தான்.

அடுத்து யூனியா. ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் அந்திரோனீக்கு, யூனியா என்ற இருவருக்கு வாழ்த்துச் சொல்கிறார். தன்னோடு சிறையிருந்தவர்கள், தனக்கு முன்பே கிறிஸ்துவை ஏற்றவர்கள், அப்போஸ்தலர்களுக்குள் பெயர்பெற்றவர்கள் என்கிறார். யூனியா பெண். நான்காம் நூற்றாண்டில் ஜான் கிறிசோஸ்டம் அவரைப் பெண் அப்போஸ்தலர் என்றே எடுத்துக்கொண்டு வியந்து பேசியிருக்கிறார், இத்தனைக்கும் பெண்கள் விஷயத்தில் அவர் ஒன்றும் முற்போக்காளர் அல்ல. பிற்பாடு, அப்போஸ்தலர் என்றால் பெண்ணாக இருக்க முடியாது, ஆகவே இவர் 'யூனியாஸ்' என்ற ஆண் என்று முடிவு கட்டினார்கள். லூத்தர் ஆணாகவே மொழிபெயர்த்தார். 1927இல் நெஸ்லே பதிப்பித்த கிரேக்க மூலத்தில் ஓர் அழுத்தக் குறியை மாற்றி ஆண் பெயராக்கினார்கள். 1998 மறு அச்சில்தான் பெண் பெயர் திரும்பியது. 'யூனியா' என்ற பெண் பெயர் ரோமக் கல்வெட்டுகளில் 250 முறைக்கு மேல் கிடைத்திருக்கிறது. 'யூனியாஸ்' என்ற ஆண் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. இல்லாத ஆணை உண்டாக்கினார்கள், இருந்த பெண்ணை ஒத்துக்கொள்ள மனமில்லாமல். இப்போது அந்த வழி அடைபட்டதும் சில மொழிபெயர்ப்புகள் அவரை 'அப்போஸ்தலர்களுக்குத் தெரிந்தவர்' ஆக்கிவிட்டன. தமிழிலோ 'அவர்கள்' என்ற மரியாதைப் பன்மைக்குள் அவர் பெண் என்பதே தெரியாமல் போகிறது.

இது வெறும் இலக்கணச் சண்டை அல்ல. இயேசு பன்னிரண்டு ஆண்களைத்தான் தேர்ந்தெடுத்தார், ஆகவே பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்பது 1976லும் 1994லும் வத்திக்கான் வெளியிட்ட ஆவணங்களின் வாதம். அந்தப் பன்னிருவரும் யூதர்கள்கூடத்தான். அதை மட்டும் யாரும் நிபந்தனையாக்கவில்லை. 2016இல் மகதலேனா மரியாளின் நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார்கள். 'அப்போஸ்தலர்களின் அப்போஸ்தலர்' என்ற பழைய பட்டத்தையும் நினைவுபடுத்தினார்கள். பட்டம் கிடைத்தது, பீடம் கிடைக்கவில்லை.

அனுப்பப்பட்டவர்களை எப்படிச் சோதிப்பது என்று தொடக்க காலச் சபைக்குத் தெரிந்திருந்தது. 'டிடாக்கே' என்று ஒரு சிறு கையேடு. முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் எழுதப்பட்டது, 1873இல் கண்டெடுக்கப்பட்டது. அதன் அளவுகோல் எளிது. வரும் அப்போஸ்தலரை வரவேற்க வேண்டும். ஒரு நாள், தேவையென்றால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி. போகும்போது அடுத்த ஊர் சேரும்வரைக்கான ரொட்டி மட்டும் எடுத்துப் போகலாம். பணம் கேட்டால் போலி. (நம் மாநாடுகளுக்கு வரும் சில தலைவர்களுக்கு இந்தக் கையேட்டைக் கொடுக்கலாம்.) இரண்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இந்த அளவுகோல் ஓரமாகி, யாருக்குப் பின் யார் ஆயர் என்ற வரிசைப் பட்டியல் முன்னுக்கு வந்தது. அனுப்பப்பட்டவர் என்பது போய்ப் பரம்பரை வந்தது.

பவுலை நான் தூக்கிப் பிடிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹாவர்ட் தர்மன் 1949இல் எழுதிய நூலில் தன் பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. பேரனை விவிலியம் வாசிக்கச் சொல்வார், பவுலின் கடிதங்களை மட்டும் அனேகமாக வாசிக்க விடமாட்டார். அடிமைகளே, எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பவுலின் பெயரில் உள்ள வசனத்தை வைத்துத்தான் தோட்ட முதலாளியின் போதகர் அவர்களுக்குப் பிரசங்கம் செய்திருந்தார். அந்தக் கடிதங்கள் சிலவற்றைப் பவுல் எழுதவேயில்லை என்று இன்றைய ஆய்வு சொல்லலாம். அந்தப் பாட்டிக்கு ஆய்வு தேவைப்படவில்லை. அப்போஸ்தலரையே வாசலில் நிறுத்திவிட்டார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை அவருக்கு யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

அடுத்த அமர்வுக்குப் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ஒநேசிமு என்ற அடிமையை அவருடைய எஜமானிடம் பவுல் திருப்பி அனுப்பும் கடிதம். மொத்தம் 25 வசனங்கள்தான். படித்துவிட்டு வாருங்கள். ஒநேசிமுவிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் போதும், அங்கிருந்து தொடங்கலாம்.