மாதிரி விமானப் போட்டியிலே நாம் கண்டது
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விளையாட்டும் போட்டியும் என்ற பொருளிலே பேசவேண்டுமென்று உங்கள் காரியதரிசி நம்மைக் கேட்டுக்கொண்டார். பொதுப்படப் பேசினால் கேட்பவர்களுக்கு நித்திரை வரும். ஆதலால் நாம் கண்ணாற் கண்ட ஒரு போட்டியைப் பற்றியே சொல்லப் போகிறோம். அது உதைபந்தாட்டமன்று, துடுப்பாட்டமுமன்று. கையாற் செய்த மாதிரி விமானங்களை ஆகாயத்திலே கரணமடிக்க விடும் போட்டி அது.

முன்வரிசையிலே ஒரு பெரியவர் புன்முறுவல் செய்கிறார். "இது சின்னப்பிள்ளை விளையாட்டல்லவோ?" என்பது அதன் கருத்து. நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம்.

1979ஆம் ஆண்டு. மேற்படிப்பிற்காக நாம் இங்கிலாந்திலே இருந்த காலம். நாம் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் ஓர் மாதிரி விமானக் கழகத்தின் பொருளாளர். அயலூரிலே இன்னொரு கழகம். இரண்டுக்கும் நீண்டகாலப் போட்டி. வருடந்தோறும் கோடைகாலத்திலே ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு புல்வெளியிலே கூடி, யார் கெட்டிக்காரர் என்று பார்த்துக்கொள்வார்கள். நமக்குக் கணக்கு வருமென்று அறிந்து, நடுவர்கள் இடும் புள்ளிகளைக் கூட்டித்தரும் வேலைக்கு வீட்டுக்காரர் நம்மையும் இழுத்துச் சென்றார்.

இந்த விமானங்கள் றேடியோவால் இயங்குபவை அல்ல. இரண்டு மெல்லிய உருக்குக் கம்பிகளின் நுனியிலே பறப்பவை. கம்பியின் மறு நுனி, வட்டத்தின் நடுவிலே நிற்பவரின் கைப்பிடியிலே இருக்கும். கம்பிகள் இறக்கையினுள்ளே ஒரு முக்கோணத் தகட்டிலே பூட்டப்பட்டிருக்கும். கைப்பிடியைச் சாய்த்தால் தகடு திரும்பும். தகடு திரும்பினால் வாலிலுள்ள அசையும் பலகை ஏறும் அல்லது இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம். இதனை ஊரறியச் செய்தவர் அமெரிக்காவிலே போர்ட்லண்ட் நகரத்து ஜிம் வோக்கர் என்பவர். 1940களின் தொடக்கத்திலே "ஃபயர்போல்" என்ற அவருடைய மாதிரி பிரபலமாயிற்று. அதன்பின் 1950களின் தொடக்கத்திலே ஜோர்ஜ் ஓல்ட்றிச் என்பவர் "நோப்ளர்" என்றொரு விமானத்தை அமைத்தார். அதிலே வாற்பலகை மேலே போகும்போது இறக்கையின் பின்விளிம்பிலுள்ள பலகை கீழே வரும். இரண்டும் சேர்ந்து விமானத்தைச் சட்டென்று திருப்பிவிடும். இன்றுவரை வித்தை விமானங்கள் பெரும்பாலும் அந்த வழியிலேதான் வருகின்றன. 1960ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரிலே இந்த வித்தைக்கு உலகப் போட்டியே நடந்தது. சின்னப்பிள்ளை விளையாட்டென்ற எண்ணத்தைப் பெரியவர் இப்போது சற்றுத் தளர்த்துவாரென நம்புகிறோம்.

சர்வதேச விதிப்படி கம்பியின் நீளம் 15 மீற்றருக்குக் குறையாமலும் 21.5 மீற்றருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். விமானம் ஒரு வட்டத்தை ஐந்து விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றி முடிக்கும். மணிக்கு 85 கிலோமீற்றர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்பவரும் கூடவே சுற்றவேண்டும். ஏழு நிமிடத்துக்குள் எல்லா வித்தைகளையும் காட்டி இறங்கிவிட வேண்டும். வட்டக் கரணம், தலைகீழ்ப் பறப்பு, சதுரக் கரணம், முக்கோணக் கரணம், எட்டு, கடைசியில் நாலிதழ்ப் பூப்போல ஒரு கோலம். கரணத்தின் அடிக்கோடு நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்திலே வரவேண்டும். நம்மில் ஒருவரின் உயரத்துக்கும் குறைவு என்று சொல்லலாம். அந்த வேகத்தில் மேலிருந்து நேர் கீழாக வந்து, அந்த உயரத்திலே மூலைமட்டம் வைத்ததுபோலத் திரும்பவேண்டும். அரைவிநாடி தாமதித்தால் மாரிகாலம் முழுதும் இருந்து செய்த வேலை மண்ணோடு மண்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வித்தை காட்டுபவர் காற்றுக்கு முதுகைக் கொடுத்து, காற்று வீசிப்போகும் பக்கத்திலேதான் கரணமடிப்பார். அப்போதுதான் காற்று விமானத்தை வெளியே தள்ளிக் கம்பியை இறுக்கமாக வைத்திருக்கும். கம்பி தொய்ந்தால் கைப்பிடி வெறுங்கைப்பிடி. வாடைக்காற்றிலே பட்டம் ஏற்றிய உங்களுக்கு இதனைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே பட்டப் போட்டி பார்த்தவர்களுக்கும், முச்சை பிழைத்த பட்டம் குத்தி விழுவதைப் பார்த்து அழுதவர்களுக்கும் நூலின் இறுக்கம் என்னவென்று நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. இந்த விமானத்தை ஒருவர் தனியாகப் பறக்கவிடுவது வெகு சிரமம். சொந்தக்காரர் நடுவிலே கைப்பிடியோடு நிற்க, இருபது மீற்றருக்கு அப்பால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருந்து, கைகாட்டியதும் விடவேண்டும். நாம் சொல்லவந்த கதையெல்லாம் இந்தப் பிடிக்கிற கையைப் பற்றியதுதான்.

எங்கள் வீட்டுக்காரரின் கழகத்திலே பதினேழு வயதுப் பொடியன் ஒருவன் இருந்தான். அதிகம் பேசமாட்டான். அவனுடைய விமானத்தை வீட்டுக்காரர் நமக்குத் தூக்கிக் காட்டினார். அவ்வளவு பெரிய இறக்கைக்கு அவ்வளவு பாரமின்மை நமக்கு ஆச்சரியமாயிருந்தது. எக்குவடோர் நாட்டிலே வளரும் பல்சா மரத்தின் குணம் அது. எதிர்க்கழகத்திலே பேர்பெற்றவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். சனிக்கிழமை அவருடைய எஞ்சின் பாதி வித்தையிலே நின்றுவிட்டது. அதனால் அன்று மாலை எங்கள் பக்கம் முன்னின்றது. ஒவ்வொருவருக்கும் இரண்டு தரம். எது கூடவோ அந்தப் புள்ளியே கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காற்று நிலைகொள்ளவில்லை. பொடியனின் இரண்டாவது சதுரக் கரணத்திலே, கீழ் மூலையில் கம்பி ஒரு கணம் தொய்ந்ததை நாம் இருந்த இடத்திலிருந்தே கண்டோம். அடுத்தது சத்தம். இறக்கை தீக்குச்சிகளாகக் கிடந்தது. அவன் கைப்பிடியை மெல்ல நிலத்தில் வைத்துவிட்டுப் போய்த் துண்டுகளைப் பொறுக்கினான். ஒருவரும் கிட்டப் போகவில்லை. போகாமலிருந்ததே மரியாதை என்று பின்னர் விளங்கிற்று.

கடைசியாகப் பறக்க வேண்டியவர் அந்தப் பெரியவர். அவருக்கு வழமையாகப் பிடித்துவிடும் நண்பர் நடுவர்களுக்கு உதவியாகப் போயிருந்தார். பெரியவர் சுற்றிப் பார்த்தார். பொடியன் துண்டுகளைப் பெட்டியில் வைத்து மூடி, கையைத் துடைத்துக்கொண்டு, "நான் பிடிக்கட்டுமா?" என்று போனான்.

எஞ்சின் ஓடத்தொடங்கியது. மெதனோலோடு கலந்த ஆமணக்கெண்ணெய்ப் புகை நம்மிடமும் வந்தது. (சிறுவயதிலே பேதிக்குக் குடித்த ஞாபகம் நமக்கு உடனே வந்துவிட்டது.) பெரியவர் கைகாட்டினார். பொடியன் விடவில்லை. மறுபடியும் காட்டினார். அவன் தலையை ஆட்டி மறுத்து, எரிபொருட் குழாயை விரலால் நசித்து எஞ்சினை நிறுத்திவிட்டான். எங்கள் பக்கத்தார் எழுந்து நின்றார்கள். விமானத்தண்டையிலே, கம்பி கொளுவியிருந்த இடத்தில், முறுக்கிய இழைகளுள் ஒன்று அறுந்து முள்ளுப்போல் நீட்டிக்கொண்டிருந்தது. காலையிலே இழுத்துச் சோதித்தபோது அது அப்படியிருக்கவில்லை.

பெரியவர் நடந்து வந்து குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வேறு கம்பி கொண்டுவந்து பூட்டினார். நடுவர் இன்னொரு முயற்சிக்கு இடங்கொடுத்தார். பொடியனே மீண்டும் பிடித்துவிட்டான். அதன்பின் அந்தப் பெரியவர் காட்டிய வித்தையை வருணிக்க நம்மால் முடியாது. சதுரம் சதுரமாக இருந்தது என்று மட்டும் சொல்வோம். அது எவ்வளவு அரிது என்று அந்த இரண்டு நாளிலே கற்றிருந்தோம்.

புள்ளியைக் கூட்டியவர்கள் நாமே. ஒரு கரணத்துக்குக் கிடைக்கும் புள்ளியளவு கூட இல்லாத வித்தியாசத்திலே எதிர்க்கழகம் வென்றது. மூன்று தரம் கூட்டிப் பார்த்தோம். உண்மையைச் சொல்லுவதானால், எங்கேயாவது பிழைத்திருக்கக் கூடாதா என்ற ஆசையோடுதான் மூன்றாந்தரம் கூட்டினோம்.

திரும்பி வரும்போது வாகனத்திலே ஒருவன் கேட்டான்: "நீ பேசாமல் விட்டிருக்கலாமே? உன் வேலை பிடிப்பது மட்டுந்தானே?" கம்பி நடுவழியிலே அறுந்திருந்தால் அந்த வேகத்திலே விமானம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பக்கமும் பாய்ந்திருக்கும் என்று வீட்டுக்காரர் சொல்ல வாயெடுத்தார். பொடியன் அதனைச் சொல்லவில்லை. "அது என் கையிலே இருந்தது" என்றான். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதனை இன்று நினைத்தற்குக் காரணமுண்டு. நமது பகுதியிலே இரண்டு ஊர்க் கழகங்கள் ஓர் உதைபந்தாட்ட இறுதிப் போட்டியின் பின் ஒன்றுக்கொன்று முகம் கொடுப்பதில்லை. ஒரு பக்கத்தார் வீட்டுக் கலியாணத்துக்கு மறுபக்கத்தார் போவதில்லை. மத்தியஸ்தரோ அதன்பின் எந்தப் போட்டிக்கும் ஊதுகுழலைத் தொடவில்லை. எந்த ஊர்களென்று சொல்லமாட்டோம். சொன்னால் இன்றிரவு நாம் வீடு போய்ச் சேர்வது சந்தேகம். சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்களிலே சிலருக்கு அந்த ஊர்கள் தெரியும். வருகிற மாதம் இந்த மன்றத்தின் குழுவும் அயற்கிராமத்துக் குழுவும் மோதப் போவதாகக் காரியதரிசி சொன்னார். அங்கே காயப்பட்ட எதிராளியைத் தூக்கிவிடப் போகும் முதற்கை யாருடையது என்று பார்க்க நாமும் வருவோம்.

நாம் அடுத்த வருடம் ஊர் திரும்பிவிட்டோம். அவ்வருடப் போட்டியைப் பற்றி வீட்டுக்காரர் கடிதம் எழுதியிருந்தார். மாரிகாலம் முழுதும் எதிர்க்கழகத்துப் பெரியவர் ஞாயிறு தோறும் பல்சாப் பலகைக் கட்டோடு பொடியனின் வீட்டுக்கு வந்தாராம். பின்விளிம்புப் பலகை எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்பதிலே இருவருக்கும் ஓயாத சண்டையாம். பொடியன் இரண்டாவதாக வந்தான். முதலாவதாக வந்தவர் யாரென்று கடிதத்திலே இல்லை. அவனுக்கு விமானத்தைப் பிடித்துவிட்டவர் யாரென்று மட்டும் எழுதியிருந்தார்.