நிலத்தடி நீரும் நம்ம சேமிப்புதான்



ஆண்டு விழாவில் கடனைப் பத்திப் பேசச் சொன்னாங்க. என் கடன் கதை, தண்ணிக் கதையும்தான்.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். குழுவில் உள்கடன் வாங்கி போர் போட்டேன். தண்ணி வந்ததும் கற்பூரம் ஏத்திக் கும்பிட்டோம். ரெண்டு மழைக்காலம் போச்சு. குடத்துல பிடிச்சா லேசா மஞ்சள். காய்ச்சினா சரியாயிடும்னு நினைச்சுக் குடிச்சோம், பிள்ளைங்களுக்கும் கொடுத்தோம். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்த பிறகுதான் அது குரோமியம் என்று தெரிந்தது. கடைசித் தவணை வரைக்கும் கட்டினேன். ஆனா அந்தத் தண்ணியில இன்னைக்குப் பாத்திரம்கூடக் கழுவறதில்ல.

தோல் பதனிடக் குரோமிய உப்பு தேவை. அதைத் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990-களில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து குரோமியம் கரைந்து மண்ணுக்குள் இறங்கும். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வகை அது.

சகோதரிகளே, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். காய்ச்சினா கிருமி சாகும், குரோமியம் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அதோட அளவு கூடத்தான் செய்யும். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதைத் தாண்டியும் தண்ணி தெளிவாகவே தெரியலாம். மஞ்சள் தெரியுதுன்னா அளவு எப்பவோ மீறிடுச்சுன்னு அர்த்தம்.

கெட்ட இடத்தைச் சுத்தம் செய்ய வழி உண்டு. மழைநீர் இறங்காதபடி கழிவை மூட வேண்டும். நம்ம ஊர்ல அன்னபேதின்னு சொல்ற இரும்பு உப்பைச் சேர்த்தால், விஷ குரோமியம் எளிதில் கரையாத, கேடு குறைந்த வகையாக மாறும். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்க வேண்டும். இதற்குப் பல வருஷமும் பெரும் பணமும் ஆகும். அந்தச் செலவு யார் தலையில்? வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: கெடுத்தவரே ஈடு தரவேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சீராக்கவும் அவரே செலவழிக்க வேண்டும். அதனால நாம கேக்குறது சலுகை இல்ல, உரிமை.

நாம செய்யக்கூடியது மூணு.

ஒண்ணு: போர் போடக் கடன் கேட்டு மனு வந்தால், பக்கத்துக் கிணற்றுத் தண்ணியின் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த பிறகே கடன் கொடுக்கணும். இதைத் தீர்மான நோட்டில் எழுதுவோம்.

ரெண்டு: குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணி கொடுக்கும்போது, "குரோமியமும் பாருங்க" என்று தனியாகக் கேளுங்க. கேட்காம விட்டா அது விடுபட்டுப் போகலாம்.

மூணு: மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபைக்கு அந்தச் சீட்டோடு போங்க. நல்ல குழாய்த் தண்ணி கேட்டுத் தீர்மானம் போட வையுங்க.

வாராவாரம் சேமிப்பை எண்ணி எழுதுறோம். ஒரு ரூபாய் குறைஞ்சாலும் விடமாட்டோம். நிலத்துக்கு அடியில இருக்குற சேமிப்பையும் அதே மாதிரி வருஷம் ஒரு தடவையாவது கணக்குப் பார்ப்போம்.