கொடிமலை இரயிலும் திசைவேக வரைபடமும்



நான்காம் படிவ இயற்பியலில் திசைவேக நேர வரைபடத்தைக் காணும் மாணவர் பலர், அதனை நிலக்காட்சியாகவே கருதுகின்றனர். கோடு ஏறினால் வண்டி மேட்டில் ஏறுகிறது என்றும், கிடையாக இருந்தால் வண்டி நின்றுவிட்டது என்றும் கொள்கின்றனர். சூத்திரம் மனப்பாடமாகிறது, பொருள் கைக்கு எட்டுவதில்லை. இம்மயக்கத்தைத் தீர்க்க நம் பினாங்கிலேயே நல்ல சான்று உண்டு.

ஆயர் ஈத்தாமிலிருந்து கொடிமலைக்குச் செல்லும் இரயில் 1923ஆம் ஆண்டு தொடங்கியது. பாதையின் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ஒரே வடத்தில் பிணைந்த இரு வண்டிகளுள் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும்.

கணக்கிற்காக இவ்வாறு கொள்வோம். மேலேறும் வண்டி 20 நொடியில் நொடிக்கு 10 மீட்டர் திசைவேகத்தை அடைகிறது. அதே திசைவேகத்தில் 180 நொடி செல்கிறது. இறுதி 20 நொடியில் சீராகக் குறைந்து நிற்கிறது. வரைபடக் கோடு முதலில் ஏறி, பின் கிடையாகி, முடிவில் இறங்குகிறது. வண்டியோ தொடக்கம் முதல் முடிவு வரை மலையில் ஏறிக்கொண்டே இருக்கிறது! கோடு மலையின் படமன்று என்பது இங்கே விளங்கும்.

கோட்டின் சாய்வு முடுக்கம்: முதற்பகுதியில் 10ஐ 20ஆல் வகுக்க 0.5 மீட்டர்/நொடி². கோட்டின் கீழ்ப்பரப்பு இடப்பெயர்ச்சி: 100, 1800, 100 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 2000 மீட்டர்.

இனி, இறங்கும் வண்டி. மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டால், இதன் வரைபடம் அச்சுக்குக் கீழே அமையும். சுழியிலிருந்து எதிர்மறை 10 வரை கோடு தாழும்போது வண்டி வேகம் குறைகிறது எனப் பலர் எழுதுவர். உண்மையில் அது விரைவுபெறுகிறது. கோடு அச்சை விட்டு விலகினால் வேகம் கூடும். அச்சை நெருங்கினால் வேகம் குறையும்.

இதற்கு மொழியே துணைசெய்கிறது. 'திசைவேகம்' என்னும் சொல்லிலேயே திசை இருக்கிறது. மலாய்மொழியின் 'ஹலாஜு'வும் திசையைக் குறிக்கும் 'ஹலா'வையும் வேகத்தைக் குறிக்கும் 'லாஜு'வையும் இணைத்ததே. தமிழ்ப்பள்ளியில் சொல்லின் பொருளுணர்ந்து கற்ற மாணவர்க்கு, இடைநிலைப்பள்ளியில் மலாய்ச்சொல் அயலாகத் தோன்றாது.

ஆகவே ஆசிரியர்களே, சூத்திரத்தைக் கேட்குமுன் வரைபடம் சொல்லும் பயணத்தை மாணவரைத் தம் சொற்களில் கூறச் செய்யுங்கள். கூற இயன்றவருக்குக் கணக்கு தானே வசப்படும்.