நாற்பது நாட்களும் மொழியறியாத் தாயும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)





வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடரின் வரலாற்றை நம்மில் பலர் அறிவோம். 1890களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று கணவன்மார் தத்தம் மனைவியரின் பிரசவத்திற்கு உதவி கேட்டு அவரிடம் வந்தனர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். ஐடா அன்று மருத்துவம் கற்றிருக்கவில்லை. மருத்துவரான அவருடைய தந்தை வீட்டிலேயே இருந்தார். ஆண் மருத்துவர் வேண்டாமென மூவரும் திரும்பிச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

நம் பகுதித் தோல் தொழிலுக்காகப் பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்துள்ள குடும்பங்களுக்கு இன்று மொழியே அந்தத் தடையாக நிற்கிறது. எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த பீகார்ப் பெண்ணுக்குப் பிரசவமாகி எட்டாம் நாள் கடுங்காய்ச்சல். மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றவள், பிள்ளை பெற்றவள் என்பதைக்கூடச் சொல்லத் தெரியாமல் காய்ச்சல் மாத்திரையுடன் திரும்பிவிட்டாள். மறுநாள் என் மனைவி உருதுவில் விசாரித்த பின்னரே துர்நாற்றமுள்ள உதிரப்போக்கு இருப்பது தெரிந்தது. கருப்பையில் கிருமித்தொற்று. உடன் சென்று பேசிச் சேர்த்தார். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டாள்.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் கணக்கு உண்டு. மருத்துவமும் 42 நாட்கள் என்கிறது. முதல் நாள், மூன்றாம் நாள், 7 முதல் 14 நாட்களுக்குள், ஆறாம் வாரம் எனத் தாயைப் பரிசோதிக்க உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. மிகுந்த உதிரப்போக்கு, காய்ச்சல், பார்வை மங்கும் தலைவலி, வலிப்பு ஆகியவை கண்டால் காத்திராமல் 108ஐ அழைக்கவேண்டும். நம் பெண்களுக்கு இதைச் சொல்லத் தாய்வீடு இருக்கிறது. அவர்களுடைய தாய்வீடோ இரண்டு நாள் ரயில் பயணத்திற்கு அப்பால்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, இரத்தம் அனைத்தும் 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம். எந்த மாநிலத்துப் பெண்ணாயினும் சரி.

தொழிற்சாலை நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு சொல்; கசப்பாயின் பொறுத்தருள்க. மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. உரிமை உண்டு. பதிவிருந்தால் தொழிலாளியின் மனைவிக்கும் மருத்துவம் கிட்டும். பணிபுரியும் பெண்ணுக்கு, உரிய நாட்கள் சந்தா செலுத்தியிருப்பின், 26 வாரப் பேறுகாலப் பயனும் கிட்டும். ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்பது சட்டத்தின் முன் செல்லாது. முதன்மை முதலாளியே பொறுப்பு.

உருது அறிந்த சகோதரிகள் நால்வர் முறைவைத்து மருத்துவமனைக்கு உடன் சென்றால் போதும். பெயர் தர விரும்புவோர் அஸருக்குப் பின் செயலாளரின் இல்லத்தாரிடம் தெரிவிக்கலாம். என் மனைவியின் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.